அம்மா விருந்தாளியாக வந்த நாள்

உயர்தரப் பரீட்சையில் எனக்குக் கிடைத்த பெறுபேறு பல்கலைக்கழகம் போகப் போதவில்லை. இன்னொரு தடவை எழுதிப் பார் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அந்தப் புத்தகங்களை மறுபடி திறக்க எனக்கு மனமில்லை. அந்த நாட்களில்தான் கொட்டகலையில் போட்டோக் கொப்பி எடுக்கிற கடையின் சுவரில் ஓர் அறிவித்தலைப் பார்த்தேன். விருந்தோம்பலும் சுற்றுலாவும், ஹட்டனில் ஒரு வருடப் பயிற்சி. தோட்டப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம் என்று கீழே தனியாக ஒரு வரி போட்டிருந்தது. அந்த வரி இல்லாவிட்டால் நான் தாண்டிப் போயிருப்பேன்.

வீட்டில் சொன்னபோது அப்பா ரொட்டியைப் பிய்த்த கையோடு நிமிர்ந்து பார்த்தார். அப்பா தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர். அதிகம் பேசமாட்டார்.

"ஓட்டல் வேலைக்கா? பதிமூணு வருஷம் படிச்சது எச்சித் தட்டு கழுவுறதுக்கா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் ஓட்டல் என்றால் கடைவீதியில் கொத்துரொட்டி போடுகிற கடைதான். அங்கே பெண் பிள்ளைகள் வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. சுற்றுலா ஓட்டல் என்றால் அதைவிட மோசம். அங்கே என்னென்ன நடக்குமோ என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள்.

அம்மா கொழுந்து பறிக்கிறவள். அன்று மழையில் நனைந்த இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை வாசல் இஸ்தோப்பில் உதறிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

"ஒரு வருஷந்தானே. போகட்டும். புடிக்கலனா வந்துறட்டும். யாரு கட்டிப் போட்டு வச்சிருக்கா?"

அப்படித்தான் நான் ஹட்டனுக்குப் போனேன்.

முதல் வாரம் முழுவதும் கட்டில் விரிக்கக் கற்றுக்கொண்டோம். விரிப்பின் மூலையை உறை மாதிரி மடித்து மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். ஒரு சுருக்கம் இருக்கக்கூடாது. ஒரு கட்டிலுக்கு நான்கு தலையணை. லயத்தில் எங்கள் வீடான காம்பராவில் நான்கு பேருக்கு இரண்டு தலையணைதான் இருந்தது. ஒரே ஆளுக்கு எதற்கு நான்கு என்று நான் கேட்டேன். வகுப்பே சிரித்தது. எங்களுக்குப் பாடம் எடுத்த மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பல வருடம் பெரிய ஹோட்டல்களில் வேலை பார்த்துவிட்டு ஹட்டன் குளிருக்குக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு படிப்பிக்க வந்தவர்.

"நல்ல கேள்வி பிள்ளை. எனக்கும் தெரியாது. ஆனா நாலையும் ஒழுங்கா வையும்" என்றார்.

என் பக்கத்துக் கட்டிலை விரித்தவள் நல்லதண்ணியைச் சேர்ந்த சிங்களப் பிள்ளை. சிவனொளிபாத மலைக்கு ஏறுகிற பாதை அவர்கள் ஊரில்தான் தொடங்குகிறது. யாத்திரைக் காலத்தில் அவர்கள் வீட்டு வாசலிலேயே கடை போடுவார்களாம். களைத்து வருகிறவர்களுக்கு உள்ளே பாய் விரித்துக் கொடுப்பார்களாம். அதனால் எங்களுக்குப் புதிதாக இருந்த பாதி விஷயம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்திருந்தது. அவள் தமிழ் பேசினால் சிங்களம் கலக்கும். நான் சிங்களம் பேசினால் தமிழ் கலக்கும். இரண்டு பேரும் சேர்ந்து ஆங்கிலம் பேசினால் மிஸ் காதைப் பொத்திக்கொள்வார்.

சாப்பாடு பரிமாறுவது மூன்றாம் மாதம் வந்தது. இடப்பக்கமாக நின்று பரிமாற வேண்டும், வலப்பக்கமாக நின்று தட்டை எடுக்க வேண்டும். நான் வீட்டில் அப்பாவை வைத்துப் பழகினேன். பலகையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவைச் சுற்றிச் சுற்றி வருவேன். "ஒரு எடத்துல நில்லு புள்ள, தலை சுத்துது" என்பார். ஆனாலும் தட்டை நகர்த்தாமல் காத்திருப்பார். இரண்டு வாரம் கழித்து ஒருநாள் தம்பி அவருக்கு வலப்பக்கமாக வந்து சோறு வைத்தபோது, "அந்தப் பக்கம் வாடா" என்று அவரே திருத்தினார். அன்றைக்குத்தான் அப்பாவின் மனம் மாறிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

செய்முறைப் பயிற்சிக்கு எங்களை ஒரு பழைய பங்களாவுக்கு அனுப்பினார்கள். முன்னொரு காலத்தில் வெள்ளைக்காரத் துரை குடியிருந்த வீடு, இப்போது ஹோட்டல். அது எங்கள் லயத்துக்கு நேர் மேலே, குன்றின் தலையில் இருந்தது. பிறந்ததிலிருந்து நான் அதைக் கீழே இருந்து பார்த்திருக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் அங்கே போய்வந்தோம். அதன் மனேஜர் கண்டிப் பக்கத்து மனிதர். எப்போதும் அவசரத்தில் இருப்பார். தமிழ் மெதுவாகப் பேசுவார், ஆனால் நன்றாக விளங்கும். பயிற்சி முடிந்ததும் எங்களில் இரண்டு பேரை அங்கேயே வேலைக்கு எடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். அந்த இரண்டு பேரில் ஒருத்தியாக வேண்டும் என்று எனக்கு ஆசை. வீட்டிலிருந்து நடந்தே போய்வரலாம் அல்லவா?

அந்தச் சமயத்தில் மிஸ் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். ஹோட்டலுக்குள் வருகிற ஒரு பொருளைச் சீட்டுக் குலுக்கி எடுத்துக்கொள்ள வேண்டும். அது எங்கிருந்து வருகிறது, கடைசியில் எங்கே போகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும்.

"ஒரு இடத்துக்கு ஆக்கள் சுத்திப் பார்க்க வருகினம். அவை போன பிறகு அந்த இடம் முந்தினதை விட நல்லா இருக்கோணும். இல்லாட்டி பத்து வருசத்தில பார்க்கிறதுக்கு ஒண்டும் மிஞ்சாது" என்றார்.

நல்லதண்ணித் தோழிக்குத் தண்ணீர் போத்தல் விழுந்தது. யாத்திரைக் காலம் முடிந்ததும் தங்கள் ஊர்ப் பாதை எப்படி இருக்கும் என்று அவள் நேரில் பார்த்தவள். பத்துப் பக்கம் எழுதினாள். பூண்டுலோயாவிலிருந்து வந்த ஒருத்திக்கு மரக்கறி. நுவரெலியா மலையில் விளைகிற லீக்சும் கரட்டும் லொறியேறித் தம்புள்ளைச் சந்தைக்கு இறங்கி, அங்கே கைமாறி, திரும்ப மலையேறி எங்கள் பங்களாக் குசினிக்கு வருவதைக் கண்டுபிடித்து வந்து அவள் வகுப்பைச் சிரிக்க வைத்தாள்.

எனக்கு விழுந்தது குசினித் தண்ணீர்.

பங்களாவுக்குப் பின்னால் போய்க் குழாயைப் பார்த்தேன். புதருக்குள் போனது. புதரைத் தாண்டி ஒரு கான், திறந்த வாய்க்கால். கான் வழியே தேயிலைக்கு நடுவில் இறங்கினேன். எண்ணெய் மிதந்து கொண்டே வந்தது. பாதி தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அந்தக் கான் எங்கே போகிறது என்று. எங்கள் லயத்தார் குடம் பிடிக்கிற பீலிக்குத் தண்ணீர் தருகிற ஓடையில் போய்ச் சேர்ந்தது. காலையில் பீலியில் குடம் வைப்பதற்கு முன்னால் பெண்கள் கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிடுவார்கள். சவர்க்கார வாடை போகட்டும் என்பார்கள். அது யாரோ மேலே துணி துவைக்கிற வாடை என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அறிக்கையில் நான் எழுதியது ஒரே வரி: குசினிக் கழிவுநீர் கான் மூலம் வெளியேற்றப்படுகிறது. பொய் இல்லை. ஆனால் கான் எங்கே போகிறது என்று எழுதவில்லை. மனேஜர் அதை வாசிப்பார்; எனக்கு அந்த வேலை வேண்டும். மிஸ் நல்ல புள்ளிதான் போட்டார். அன்று வீட்டுக்குப் போய்ப் பீலியில் முகம் கழுவியபோது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

கடைசிச் செய்முறைப் பரீட்சை மழைக்காலத்தில் வந்தது. கொழும்பிலிருந்து ஓர் அலுவலகத்தார் இருபது பேர் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. வரவேற்பது, சமைப்பது, பரிமாறுவது எல்லாம் நாங்கள். மிஸ் ஒரு மூலையில் தாளோடு நின்று புள்ளி போடுவார். விடிந்ததிலிருந்து சமைத்தோம். பத்து மணிக்கு மேல் மனேஜர் போனைக் காதில் வைத்தபடி குசினிக்கு வந்தார். கினிகத்தேனைப் பக்கம் பாதையில் மண் சரிந்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் வாகனங்கள் திரும்பிப் போகின்றன. விருந்தாளிகள் வரமாட்டார்கள்.

இருபது பேருக்குச் சாப்பாடு அடுப்பில் இருந்தது. எங்களில் இரண்டு பேர் அழத் தொடங்கினார்கள். மிஸ் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சமைச்சதைக் கொட்டேலாது. விருந்தாளி எண்டால் விருந்தாளிதான். கொழும்பிலயிருந்து வந்தா என்ன, கீழ லயத்திலயிருந்து வந்தா என்ன? பக்கத்துத் தோட்டங்களில தாய் தகப்பன் இருக்கிற ஆக்கள் எல்லாரும் போன் எடுங்கோ."

மனேஜர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். பிறகு, "சரி மிஸ். மேசை எல்லாம் ரெடிதானே" என்றார்.

அம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போன் இல்லை. வேலையை மேற்பார்க்கிற கங்காணியின் போனுக்கு எடுத்து, அவளிடம் கொடுக்கச் சொல்லி, வரச் சொன்னேன்.

"எதுக்கு? சமைக்க ஆள் பத்தலையா?" என்றாள்.

"இல்லம்மா. சாப்புட."

அந்தப் பக்கம் அவள் கூடையை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. "சீல மாத்திக்கிட்டு, அப்பாவையும் கூட்டிக்கிட்டு வர்றேன்" என்றாள்.

ஒரு மணிக்கு முன்வாசலில் குடையோடு வரிசையாக நின்றோம். யாரும் வரவில்லை. பத்து நிமிடம் கழித்துக் குசினிப் பக்கமிருந்து தோழி ஓடிவந்தாள். எல்லோரும் பின்வாசலில் நிற்கிறார்களாம். அம்மா சின்ன வயதில் அந்தப் பங்களாத் தோட்டத்தில் புல் வெட்டப் போனவள். மற்றவர்களும் விறகு கொண்டுபோயிருப்பார்கள், பால் கொண்டுபோயிருப்பார்கள். யாருக்கும் முன்வாசல் எந்தப் பக்கம் என்றே தோன்றவில்லை. தோழி அம்மாவின் கையைப் பிடித்து, "இந்தப் பக்கம் வாங்க அம்மே" என்று சுற்றி அழைத்து வந்தாள். மிஸ் சொல்லிக்கொடுத்தபடி நான் கைகூப்பினேன்.

"வணக்கம் மேடம். வணக்கம் சேர். உங்க வரவு நல்வரவாகட்டும்."

அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை, மிஸ் தாளோடு பின்னால் நின்றிருந்தார்.

என் மேசைக்கு அம்மா அப்பாவையே உட்கார வைத்தார்கள். அம்மா கரண்டியையும் முள்ளுக்கரண்டியையும் ஒரு பக்கமாகத் தள்ளிவைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"கையால சாப்புடலாங்களா?"

அந்த 'ங்க' என்னைப் பார்த்துச் சொன்னது. என் வாழ்க்கையில் அம்மா என்னிடம் மரியாதையாகப் பேசியது அன்றுதான்.

"உங்க வசதிப்படி சாப்பிடுங்க மேடம்" என்றேன்.

அதற்காகவே காத்திருந்த மாதிரி அந்த மண்டபத்தில் இருபது பேரும் கையால் சாப்பிடத் தொடங்கினார்கள். குளிர் விட்டது. பேச்சும் சிரிப்பும் எழுந்தன. அப்பா நன்றாகச் சாப்பிட்டார். நான் இடப்பக்கமாக வந்தபோது, யாருக்கோ பரிந்து பேசுகிற மாதிரி, "மேடத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமாம்" என்றார். அம்மா மேசைக்கடியில் அவர் காலை மிதித்தது எனக்குத் தெரிந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போனது. இனிப்புக்கு வட்டலப்பம் கொண்டு வந்த நேரம், வழக்கப்படி மனேஜர் ஒவ்வொரு மேசையாக வந்து சாப்பாடு எப்படி என்று கேட்டார். எல்லோரும் நல்லா இருந்துச்சு என்றார்கள். எங்கள் மேசைக்கு வந்தார்.

"சாப்பாடு நல்லா இருந்துச்சுங்க" என்றாள் அம்மா. "கீரதான் வாடிப் போயிருந்துச்சு. எங்கருந்து வாங்குறீங்க?"

மனேஜர் தம்புள்ளை என்றார்.

"அம்புட்டுத் தூரமா? எங்க காம்பராவுக்குப் பின்னால பொன்னாங்காணி மொளச்சுக் கெடக்கு. மரத்தக்காளி இருக்கு. சும்மா ஆடு திங்குது."

மனேஜர் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்றார். அம்மா தலையாட்டினாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "இன்னொன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றாள்.

"சொல்லுங்க."

"ஒங்க குசினித் தண்ணி எங்க பீலிக்கு வருதுங்க. இன்னிக்கு வர்ற வழியில பாத்தேன். அந்தக் கானு ஓடையிலதான் விழுகுது. நாங்க புள்ளைங்களுக்குக் குடிக்க எடுக்குற தண்ணி அது."

வட்டலப்பத் தட்டைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றேன். நான் மூன்று மாதமாக மறைத்து வைத்திருந்ததை அம்மா ஒரு தடவை நடந்து வந்ததிலேயே பார்த்துவிட்டாள், பார்த்ததைச் சொல்லியும்விட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. கொடியில் காயும் துணி மழையில் நனைகிறது என்று பக்கத்து வீட்டில் சொல்வது போலச் சொன்னாள்.

மனேஜரின் முகம் மாறியது. "எனக்குத் தெரியாது அம்மா" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "காட்ட முடியுமா?"

"இப்பவா?"

"இப்பதான் மழை விட்டிருக்கு."

அம்மா எழுந்தாள். அப்பாவும் எழுந்தார். "வட்டலப்பம் எங்கயும் ஓடிறாது, வந்து சாப்புடுறோம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு மூன்று பேரும் பின்பக்கமாக இறங்கிப் போனார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். முன்னால் அம்மா சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விறுவிறென்று இறங்கினாள். நடுவில் மனேஜர் பளபளக்கும் சப்பாத்தோடு வழுக்கி வழுக்கிப் போனார். பின்னால் அப்பா, அவர் விழுந்தால் பிடிக்கிற மாதிரி ஒரு கையை நீட்டிக்கொண்டே போனார்.

மிஸ் என் பக்கத்தில் வந்து நின்றார். "குசினித் தண்ணி உம்மட அறிக்கைதானே?"

"ஓம் மிஸ்" என்றேன்.

"நீர் ஏன் அதை எழுதேல்ல?"

உண்மையைச் சொன்னேன். வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்ததைச் சொன்னேன். அவர் கையிலிருந்த தாளில் எழுதினார். பிறகு, "பரிமாறினதுக்கு முழுப் புள்ளி. அறிக்கையைத் திரும்ப எழுதும்" என்றார். தோழி அக்காவைப் போல என் கையிலிருந்த தட்டை வாங்கி வைத்தாள். "பயப்பட வேணாம் நங்கி. அம்மே சொன்னது சரிதானே" என்றாள்.

அவர்கள் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது. மனேஜரின் காற்சட்டை முழங்கால் வரை சேறு. மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வட்டலப்பம் சாப்பிட்டார்கள். அப்பா ஒரு காகிதத் துண்டில் குழி எப்படி வெட்ட வேண்டும் என்று படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

அடுத்த மாதம் எங்கள் வகுப்பே மண்வெட்டியோடு பங்களாவுக்குப் பின்னால் நின்றது. எண்ணெய் தங்க ஒரு தொட்டி. அதற்குக் கீழே கல்லும் மணலும் நிரப்பிய குழி. அதற்கும் கீழே கல்வாழை நட்ட பாத்தி. முதல் பெருமழையில் குழி நிரம்பி வழிந்து கல்வாழையை அடித்துக்கொண்டு போனது. அப்பா மறுபடி படம் போட்டார், மறுபடி வெட்டினோம். இரண்டாவது குழி நின்றது. பீலித் தண்ணீரில் வாடை போக ஆறு வாரம் பிடித்தது. அதை முதலில் சொன்னவள் பக்கத்துக் காம்பராக்காரி. அவளுக்குக் குழி வெட்டிய விஷயமே தெரியாது.

கீரை அவ்வளவு லேசில் போகவில்லை. அம்மா கொண்டுபோன முதல் கூடையைச் சமையல்காரர் திருப்பி அனுப்பினார். மண்ணோடு இருந்தது, கட்டுகள் ஒன்று போல இல்லை. அம்மாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "நான் ரெண்டு இலையும் ஒரு மொட்டுமா இருபது வருஷம் ஒரே மாதிரிக் கிள்ளுறவ. கீரைய எனக்குச் சொல்லித் தர்றாரா?" என்றாள். ஆனால் என்னிடம் வந்து உட்கார்ந்து, ஹோட்டலுக்கு எப்படிக் கழுவ வேண்டும், எப்படிக் கட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். லயத்தில் இன்னும் நாலு பெண்களைச் சேர்த்தாள். இப்போது ஐந்து வீட்டுப் பின்புறத்திலிருந்தும் வாரத்தில் மூன்று நாள் கூடை மேலே போகிறது. குசினியின் மரக்கறித் தோல் மாட்டுக்கும் உரக்குழிக்குமாகக் கீழே வருகிறது. எந்த மாதம் எது விளைகிறதோ அதைத்தான் சமைக்க வேண்டும் என்று அம்மா சமையல்காரரிடம் சட்டமாகச் சொல்லிவிட்டாள். விருந்தாளிகளிடம், இன்றைக்கு லீக்ஸ் இல்லை, இருப்பது இதுதான் என்று விளக்குவது என் பாடு.

ஆம், அந்த வேலை எனக்குத்தான் கிடைத்தது. திருத்திய அறிக்கையை வாசித்த பிறகு மனேஜரே கூப்பிட்டுக் கொடுத்தார். இப்போது சாப்பாட்டு மண்டபத்துக்கு நான்தான் பொறுப்பு. தோழி தன் ஊருக்கே திரும்பிப்போய், அவர்கள் வீட்டில் நான்கு அறைகளை ஒழுங்குபடுத்தி ஆட்களைத் தங்க வைக்கிறாள். பிளாஸ்டிக் போத்தல் அங்கே கிடையாது. கொதித்தாறிய தண்ணீரை ஜக்கில் வைப்பாள்.

போன யாத்திரைக் காலத்தில் கீரைக்காரப் பெண்கள் ஐந்து பேரும் அவளிடம் போய் ஓர் இரவு தங்கப் புறப்பட்டார்கள். மலையேறவா என்று கேட்டேன். "முட்டி வலிக்குது, யாரு ஏறுறது? சும்மா பாக்கத்தான்" என்றாள் அம்மா. எங்கள் குடும்பத்தில் யாரும் எந்த இடத்துக்கும் சும்மா பார்க்கப் போனதில்லை. கல்யாணம், சாவு, திருவிழா என்று ஏதாவது காரணம் இருக்கும். ஐந்து பேரும் நல்ல சீலை கட்டி, நல்லதண்ணி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டு போனார்கள்.

மறுநாள் பின்னேரம் வர வேண்டியவர்கள் வரவில்லை. தோழியின் போனிலிருந்து அம்மா பேசினாள். பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம்.

"இங்க வெயில் நல்லா அடிக்குது. மலை முழுசாத் தெரியுது. நாங்க நாளைக்கும் இருந்துட்டு வர்றோம்."

"அப்பாவுக்குச் சோறு?" என்றேன்.

"அவருக்குக் கையில்லையா? ஆக்கிச் சாப்புடச் சொல்லு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.